பாகை இருக்கும்போது ரேடியன் எதற்கு?

கேள்வி இது: பத்தாம் வகுப்புவரை எல்லாக் கோணமும் பாகையில்தான் (பேச்சில் டிகிரி) இருந்தது. பதினொன்றாம் வகுப்பில் ரேடியன் வந்துவிட்டது. π-ஆல் பெருக்கி 180-ஆல் வகுக்கத் தெரிகிறது. ஆனால் எதற்காக மாற்றுகிறோம், எங்கே மாற்றியே ஆக வேண்டும், எங்கே தேவையில்லை என்பது விளங்கவில்லை. போதாக்குறைக்கு, கால்குலேட்டரில் சைன் 30 போட்டால் ஒரு நாள் 0.5 வருகிறது, இன்னொரு நாள் −0.988 வருகிறது.

அந்த −0.988-இலிருந்தே தொடங்கலாம். கால்குலேட்டரில் பழுது எதுவும் இல்லை. நீங்கள் 30 என்று வெறும் எண்ணைக் கொடுத்தீர்கள்; அது 30 ரேடியன் என்று எடுத்துக்கொண்டது. 30 ரேடியன் என்றால் ஏறத்தாழ 1,719 பாகை. வட்டத்தை நான்கு முறை முழுதாகச் சுற்றிவிட்டு, ஐந்தாம் சுற்றில் 279 பாகையில் போய் நிற்கும். அங்கே சைனின் மதிப்பு −0.988தான். விடை சரி, கேட்ட கேள்விதான் வேறு.

ரேடியன் என்ன என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு சாப்பாட்டுத் தட்டும் நூலும் போதும். தட்டின் மையத்திலிருந்து விளிம்புவரை நூலை அளந்து வெட்டுங்கள். நூலின் நீளம் இப்போது ஆரம். அதை விளிம்பின் வளைவோடு ஒட்டி வையுங்கள். நூலின் இரு முனைகளிலிருந்தும் மையத்துக்குக் கோடு போட்டால், நடுவில் உண்டாகும் கோணம் 1 ரேடியன். பெரிய தட்டாக எடுத்தால் நூலும் நீளும், கோணம் அப்படியே இருக்கும். நூலைத் திரும்பத் திரும்ப விளிம்பில் வைத்துக்கொண்டே போனால், ஆறு முறை முழுதாக வைத்தபிறகு சிறிது இடம் மிஞ்சும், 14 செ.மீ. ஆரமுள்ள தட்டில் ஏறக்குறைய 4 செ.மீ. ஆறும் கொஞ்சமும், கணக்காகச் சொன்னால் 6.283. அதுதான் 2π. சுற்றளவு = 2π × ஆரம் என்று சின்ன வகுப்பிலேயே படித்ததைத்தான் இங்கே கோணமாகப் பார்க்கிறோம்.

1 ரேடியன் 57.2958 பாகை, கலை விகலையாக (ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை) எழுதினால் 57 பாகை 17 கலை 44.8 விகலை. 60-க்குக் கொஞ்சம் குறைவாக இருப்பது தற்செயல் இல்லை. ஆரத்தின் நீளமுள்ள ஒரு குச்சியை வட்டத்துக்குள் நாணாக வைத்தால் சமபக்க முக்கோணம் கிடைக்கும், கோணம் 60 பாகை. அதே நீளத்தை நூலாக விளிம்பில் வளைத்து வைத்தால், வளைவிலேயே நீளம் கொஞ்சம் செலவாகிவிடுகிறது; முனை 60-ஐ எட்டாமல் 57.3-இல் நின்றுவிடுகிறது. மனக்கணக்குக்கு இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு ரேடியன் என்றால் அறுபதுக்குச் சற்றே குறைவு. 2 ரேடியன் என்றால் 114 சொச்சம். 3 ரேடியன் என்றால் கிட்டத்தட்ட நேர்கோடு.

இனி முக்கியமான இடம். ° என்ற குறியை ஓர் அலகு என்று நினைப்பதைவிடச் சதவீதக் குறியைப் போல நினைத்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். 18% என்பது 0.18 என்ற எண்ணை வேறு மாதிரி எழுதியதுதான். ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு 18% ஜிஎஸ்டி என்றால் 180 ரூபாய். சதவீதக் குறியை மறந்துவிட்டு ஆயிரத்தை 18-ஆல் பெருக்கினால் வரி 18,000 ரூபாய் என்று வரும். % என்ற குறிக்கு 0.01 என்று ஒரு மதிப்பு இருப்பதுபோல ° என்ற குறிக்கும் ஒரு மதிப்பு உண்டு: π/180, அதாவது 0.0174533. ஆகவே 30° என்பது 30 × 0.0174533 = 0.5236 என்ற எண். இந்த 0.5236 எங்கிருந்து வந்தது? வில்லின் நீளத்தை ஆரத்தால் வகுத்தால் வருவது. சென்டிமீட்டரைச் சென்டிமீட்டரால் வகுத்தால் வெறும் எண்தான் மிஞ்சும். அந்த வெறும் எண், கோணத்தைக் குறிக்கிறது என்று நினைவூட்ட வைத்த பெயர்தான் ரேடியன். (இலங்கைப் பாடநூல்களில் ஆரத்தை ஆரை என்பார்கள், ரேடியனை ஆரையன் என்பார்கள். பெயரிலேயே பொருள் இருப்பதால் எனக்கு அந்தச் சொல்தான் பிடிக்கும்.)

இதிலிருந்து ஒரு வழக்கம் பிறக்கிறது: குறி எதுவும் இல்லையென்றால் ரேடியன். சைன் 2 என்று அச்சாகியிருந்தால் 2 ரேடியன், மதிப்பு 0.909. சைன் 2° என்றால் மதிப்பு 0.0349. விடைத்தாளில் ° போட மறப்பது எழுத்துப்பிழை போலத் தெரியும். உண்மையில் எண்ணையே மாற்றிவிடுகிறது.

கூடவே வரும் இன்னொரு தவறு "π = 180" என்று எழுதுவது. π எப்போதும் 3.14159தான். π ரேடியன் சமமாவது 180 பாகைக்கு, வெறும் 180-க்கு அல்ல. இந்தத் தவற்றின் மறுபக்கமாக, ரேடியன் என்றாலே π ஒட்டிக்கொண்டுதான் வரவேண்டும் என்ற எண்ணமும் பலரிடம் உண்டு. 30, 45, 60, 90 ஆகிய கோணங்களை மட்டுமே மாற்றிப் பழகியதால் வந்த வினை. 0.7 ரேடியன், 2.5 ரேடியன் எல்லாம் முறையான கோணங்களே.

எங்கே எதை வைத்துக்கொள்வது என்பதற்குக் கைவசம் ஒரே ஒரு விதி போதும். கோணம் சைன், கொசைன், டேன் ஆகியவற்றின் உள்ளே மட்டும் அடங்கியிருந்தால் பாகையிலேயே விட்டுவிடலாம், கால்குலேட்டரும் பாகை நிலையில் இருக்கும்வரை. கோணம் அவற்றை விட்டு வெளியே வந்து நீளத்தோடோ நேரத்தோடோ வேறொரு எண்ணோடோ பெருக்கப்பட்டால், கூட்டப்பட்டால், கழிக்கப்பட்டால் அது ரேடியனில்தான் இருக்க வேண்டும். 20 மீட்டர் தள்ளி நின்று தென்னையின் உச்சியை 35 பாகையில் பார்த்தால், கண் மட்டத்துக்கு மேல் உயரம் 20 × டேன் 35° = 14 மீட்டர். இங்கே ரேடியனுக்கு வேலையே இல்லை. ஆனால் வில்லின் நீளம் = ஆரம் × கோணம், வட்டக்கோணப்பகுதியின் பரப்பு = ½ × ஆரம்² × கோணம் என்னும் இடங்களில் கோணம் வெளியே நிற்கிறது. பத்தாம் வகுப்புப் பாணியில் கோணத்தை 360-ஆல் வகுத்து 2π × ஆரத்தால் பெருக்குவீர்களே, அந்த 2π/360-தான் 0.0174533. அப்போதே ரேடியனுக்கு மாற்றிக்கொண்டுதான் இருந்தீர்கள், பெயர் சொல்லாமல்.

உள்ளே ஒரு முறையும் வெளியே ஒரு முறையும் ஒரே கோணம் வரும் கணக்குகள்தான் ஆளைக் கவிழ்ப்பவை. படுக்கையாகக் கிடக்கும் உருளைத் தொட்டி ஒன்று, டீசல் தொட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம் 60 செ.மீ., நீளம் 200 செ.மீ. மேலே உள்ள துளை வழியாகக் குச்சியை விட்டுப் பார்த்தால் 30 செ.மீ. ஆழத்துக்கு நனைந்திருக்கிறது. எத்தனை லிட்டர் இருக்கும்? மொத்த உயரம் 120-இல் 30 என்றால் கால் பங்கு உயரம். கால் பங்கு எண்ணெய் என்று சொல்லிவிடத் தோன்றும். அது தவறு, அடிப்பகுதி குறுகல்.

எண்ணெயின் மேல்மட்டக் கோடு வட்டத்துக்கு ஒரு நாண். அது மையத்தில் தாங்கும் கோணத்தின் பாதிக்குக் கொசைன் (60 − 30)/60 = 0.5. ஆகவே பாதிக் கோணம் 60 பாகை, முழுக் கோணம் 120 பாகை. நனைந்த பகுதியின் பரப்பு ½ × ஆரம்² × (கோணம் − சைன் கோணம்). முதல் கோணம் வெளியே நிற்கிறது, இரண்டாவது சைனுக்குள் இருக்கிறது. 120 பாகை என்பது 2.0944, அதன் சைன் 0.8660. பரப்பு 1,800 × 1.2284 = 2,211 சதுர செ.மீ. நீளத்தால் பெருக்கினால் 442 லிட்டர். தொட்டியின் முழுக் கொள்ளளவு 2,262 லிட்டர். ஆக இருப்பது 19.5 சதவீதம், 25 அல்ல.

இதே கணக்கில் எப்படியெல்லாம் தப்பு நடக்கும் என்று பாருங்கள். வெளியே நிற்கும் கோணத்துக்கு 120 என்றே போட்டால் 42,888 லிட்டர் வரும். தொட்டியைவிடப் பல மடங்கு பெரிய விடை, உடனே விழித்துக்கொள்வீர்கள். ஆனால் ரேடியனுக்கு மாற்றி 2.0944 என்று எழுதிவிட்டு, கால்குலேட்டரைப் பாகை நிலையிலேயே விட்டு சைன் 2.0944 அழுத்தினால் 0.0365 வரும். விடை 741 லிட்டர். நம்பக்கூடிய எண், தொட்டிக்குள் அடங்கும் எண், சுத்தமாகத் தவறான எண். மாற்றாமல் விட்ட தப்பைவிடப் பாதி மாற்றிய தப்பு ஆபத்தானது.

மின்பொறியியல் படிப்பவர்களுக்கு இந்தப் பாதி மாற்றம் பாடப்புத்தகத்திலேயே காத்திருக்கிறது. நம் வீட்டு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் உச்ச மதிப்பு 325 வோல்ட். நேரத்தோடு அது மாறுவதை 325 × சைன்(314.16 × நேரம்) என்று எழுதுவோம், 314.16 என்பது 2π × 50, ஆகவே ஒரு வினாடிக்கு இத்தனை ரேடியன். 5 மில்லிவினாடியில் உள்ளே 1.5708 வரும், அது கால் சுற்று, மின்னழுத்தம் உச்சத்தில் 325. மும்முனை மின்சாரத்தின் இரண்டாம் முனைக்கு எல்லாப் புத்தகமும் 325 × சைன்(314.16 × நேரம் − 120°) என்றுதான் எழுதும். ஒரே அடைப்புக்குள் ஒன்று ரேடியன், மற்றது பாகை. ° என்பது 0.0174533 என்று படித்தால் இதில் பிழை இல்லை: 1.5708 − 2.0944 = −0.5236, விடை −162.5 வோல்ட். கண்ணில் பட்டபடி 1.5708-இலிருந்து 120-ஐக் கழித்துவிட்டால், ரேடியன் நிலையில் +265 வோல்ட் வரும், பாகை நிலையில் −286 வோல்ட் வரும். மூன்று விடையும் 325-க்குள் அடங்குவதால் எது சரி என்று எண்ணைப் பார்த்துச் சொல்ல முடியாது. கணக்கைத் தொடங்கும்போதே 120°-ஐ 2.0944 என்று எழுதிவிடுவதுதான் வழி.

சுழலும் இயந்திரங்களிலும் இதே கதை, இங்கே மறக்கப்படுவது 2π. மோட்டாரின் தகட்டில் 1,440 ஆர்பிஎம் என்று இருக்கும், அது நிமிடத்துக்குச் சுற்று. திறன் = திருப்பு விசை × கோணத் திசைவேகம் என்ற சூத்திரத்துக்கு வினாடிக்கு ரேடியன் வேண்டும்: 1,440 × 2π / 60 = 150.8. ஒரு குதிரைத்திறன், 746 வாட் மோட்டாரின் அச்சில் திருப்பு விசை 746 / 150.8, ஏறத்தாழ 4.95 நியூட்டன் மீட்டர். வினாடிக்கு 24 சுற்று என்று நிறுத்திக்கொண்டு 24-ஆல் வகுத்தால் 31 வரும், 6.28 மடங்கு அதிகம். உங்கள் விடைக்கும் சரியான விடைக்கும் உள்ள விகிதம் 6.28 என்றால் சுற்றுக்கும் ரேடியனுக்கும் இடையில் தடுக்கியிருக்கிறீர்கள், 57.3 என்றால் பாகைக்கும் ரேடியனுக்கும் இடையில். இந்த இரண்டு எண்களும் மனதில் இருந்தால் பிழையைத் தேடும் நேரம் பாதியாகும்.

விளிம்பு வேகத்துக்கும் அப்படியே: 10 செ.மீ. ஆரமுள்ள புல்லி அந்த மோட்டாரில் சுற்றினால் விளிம்பின் வேகம் 0.1 × 150.8 = வினாடிக்கு 15 மீட்டர். ரேடியன் என்ற சொல் விடையில் எங்கே போயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. அது மீட்டருக்கு மீட்டர், தானாகக் கரைந்துவிடுகிறது.

சின்னக் கோணங்களில்தான் ரேடியன் உண்மையாக ருசிக்கும். கோணம் சிறியதானால் வில்லும் அதற்கு எதிரே நிற்கும் செங்குத்துக் கோடும் ஏறக்குறைய ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே சைனும், டேனும், கோணமும் ஒரே எண். 1 பாகைக்குக் கோணம் 0.0174533, சைன் 0.0174524. கோணத்தையே சைனாக எடுத்துக்கொண்டால் 5 பாகையில் பிழை 0.13 சதவீதம், 10 பாகையில் அரை சதவீதம், 20 பாகையில் 2 சதவீதம், 30 பாகையில் 4.7 சதவீதம். தனி ஊசல் சோதனையில் அலைவைச் சிறிதாக வைக்கச் சொல்வது இதனால்தான். அலைவு நேரச் சூத்திரம் சைனுக்குப் பதில் கோணத்தைப் போட்டுத்தான் பிறந்தது.

கொத்தனார் தளத்துக்கு நூற்றுக்கு ஒன்று வாட்டம் விட்டேன் என்று சொல்லும்போது 0.01 ரேடியன் சரிவைத்தான் சொல்கிறார், பாகையில் 0.57. மூன்று மீட்டர் உயரச் சுவர் 1 பாகை சாய்ந்திருந்தால், தூக்குக்குண்டு கட்டிப் பார்க்கும்போது மேலுக்கும் கீழுக்கும் 3 × 0.01745, ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் விலகல் தெரியும். நிலாவின் விட்டம் 3,474 கி.மீ., சராசரித் தொலைவு 3,84,400 கி.மீ.; வகுத்தால் 0.00904, பாகையில் 0.52. வானத்தில் அரை பாகை அகலத்தில் நிலா தெரிவதை இப்படி டேன், சைன் எதுவும் அழுத்தாமல் சொல்லிவிடலாம். ராணுவத்தில் பீரங்கிக் குறிபார்ப்புக்கு ரேடியனை ஆயிரமாகப் பிரித்த மில்லிரேடியன் வந்ததும் இந்த வசதிக்காகத்தான்: ஆயிரம் மீட்டர் தொலைவில் 1 மில்லிரேடியன் என்பது 1 மீட்டர். ஒரு சுற்றில் 6,283 என்பது வகுக்க வசதியில்லாத எண் என்பதால் நேட்டோ படைகள் 6,400 என்றும், சோவியத் படைகள் 6,000 என்றும் திருத்திக்கொண்டன.

இந்த யோசனை நம் பக்கத்தில் மிகப் பழையது. ஆரியபடர் கி.பி. 499-ஐச் சேர்ந்த தம் நூலில் வட்டத்தின் சுற்றை 21,600 கலையாக எடுத்துக்கொண்டார். 360 பாகைக்கு ஒவ்வொன்றிலும் 60 கலை. அதே கலையாலேயே ஆரத்தையும் அளந்தார். அவர் கொடுத்த 3.1416 என்ற மதிப்பை வைத்து 21,600-ஐ 6.2832-ஆல் வகுத்தால் 3,437.75, முழு எண்ணாக 3,438. ஒரு ரேடியனில் எத்தனை கலை என்று கேட்டால் இன்றும் விடை இந்த 3,438தான். வில்லையும் ஆரத்தையும் ஒரே கோலால் அளந்ததன் பலன் அவருடைய ஜ்யா (ஆரத்தால் பெருக்கிய சைன்) அட்டவணையின் முதல் வரியிலேயே தெரிகிறது: 225 கலை வில்லுக்கு ஜ்யா 225. சின்னக் கோணத்துக்குச் சைனும் கோணமும் ஒன்று என்பது அதுதான். கேரளத்தின் சங்கமகிராம மாதவர் பதினான்காம் நூற்றாண்டில் கண்ட சைன் தொடரும் இதே அளவையில் நிற்கிறது. ஐரோப்பாவில் ரோஜர் கோட்ஸ் 1716-இல் இறந்தார். 1722-இல் வெளிவந்த அவருடைய நூலில் இந்த அளவு 57.295 பாகை என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. ரேடியன் என்ற சொல் மட்டும் புதிது. 1873-இல் பெல்ஃபாஸ்டில் ஜேம்ஸ் தாம்சன் (கெல்வின் பிரபுவின் அண்ணன்) தயாரித்த தேர்வுத் தாளில் முதன்முதலாக அச்சேறியது.

நுண்கணிதம் ரேடியனை ஏன் விடாப்பிடியாகக் கேட்கிறது என்பதும் அந்த 225-க்கு 225 விஷயம்தான். சைனின் வகைக்கெழு கொசைன் என்று மனப்பாடம் செய்கிறோம். பாகையில் சோதித்துப் பாருங்கள். சைன் 30° = 0.5, சைன் 31° = 0.51504. ஒரு பாகைக்கு 0.01504 கூடியிருக்கிறது. கொசைன் 30° என்பதோ 0.866. இரண்டுக்கும் இடையில் 0.0174 என்ற காரணி நிற்கிறது. பாகையில் வேலை செய்தால் ஒவ்வொரு முறை வகையிடும்போதும் π/180 ஒன்று முளைக்கும், இரண்டாம் முறை அதன் வர்க்கம், தொகையிடும்போது 180/π. ரேடியனில் அந்தக் காரணி 1. தொடரிலும் பார்க்கலாம்: சைனுக்கு, கோணம் − கோணம்³/6 + கோணம்⁵/120 என்று மூன்று உறுப்பு போதும். 0.5236 போட்டால் 0.5236 − 0.0239 + 0.0003 = 0.5000. 30 என்று போட்டால் முதல் இரண்டு உறுப்பிலேயே 30 − 4,500 என்று ஓடிவிடும்.

இவ்வளவு சொன்னதால் பாகை பழைய சரக்கு என்று நினைக்க வேண்டாம். ஒரு முழுச் சுற்று 6.28318... என்று முடிவில்லாமல் ஓடும் அளவையில் கோணமானி செய்ய முடியாது, செங்கோணத்தை 1.5708 என்று சொல்லி ஆசாரியிடம் மூலைமட்டம் வாங்க முடியாது. 360-க்கு 24 வகு எண்கள் உண்டு, 1 முதல் 10 வரை 7-ஐத் தவிர எல்லாம் அதை மீதியின்றி வகுக்கும். பாபிலோனியர்களின் அறுபது அடிமானத்திலிருந்து வந்த இந்தப் பிரிவு பஞ்சாங்கத்தில் எவ்வளவு வசதியாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்: ராசி 30 பாகை, நட்சத்திரம் 13 பாகை 20 கலை, பாதம் 3 பாகை 20 கலை. பூமி ஒரு நாழிகையில் 6 பாகை சுழல்கிறது. பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் செங்கோணத்தை 100-ஆகப் பிரித்த கிரேடு கொண்டுவந்தார்கள். நில அளவையில் சில நாடுகளில் அது தங்கியது, கால்குலேட்டரில் ஜி என்ற எழுத்தாகத் தங்கியது, அவ்வளவுதான்.

அந்த ஜி-யும் சில நேரம் விளையாடும். உங்கள் கால்குலேட்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று திரையின் மேல் ஓரத்தில் டி, ஆர், ஜி ஆகியவற்றில் ஒன்று நிற்கும். நம்பிக்கை இல்லையென்றால் சைன் 30 அழுத்துங்கள்: 0.5 வந்தால் பாகை, −0.988 வந்தால் ரேடியன், 0.454 வந்தால் கிரேடு. தேர்வறையில் உட்கார்ந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம் இது. ரீசெட் செய்த கருவியும் கடன் வாங்கிய கருவியும் எந்த நிலையில் வரும் என்று சொல்ல முடியாது. நிலையை மாற்றினால் திரையில் ஏற்கெனவே உள்ள எண் மாறாது, அடுத்து அழுத்தும் சைனுக்குத்தான் அது பொருந்தும். சில கைபேசிச் செயலிகளில் பொத்தானின் மேல் எழுதியிருப்பது இப்போதைய நிலை அல்ல, அழுத்தினால் மாறப்போகும் நிலை. ஆகவே எழுத்தை நம்பாமல் சைன் 30-ஐ நம்புங்கள்.

எக்செல், பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட் ஆகியவற்றின் சைன் சார்புகள் எல்லாமே ரேடியனைத்தான் எதிர்பார்க்கும். தலைகீழ்ச் சார்புகள் ரேடியனைத்தான் திருப்பித் தரும். எக்செலில் மாற்றத் தனிச் சார்பு உண்டு, இல்லையென்றால் π-ஆல் பெருக்கி 180-ஆல் வகுத்துக்கொள்ளலாம். நிரலில் நல்ல பழக்கம்: பயனர் பார்க்கும் இடத்தில் பாகை, கணக்குக்குள் நுழையும் வாசலில் ஒரே ஒரு முறை மாற்றம், உள்ளே எல்லாம் ரேடியன், மாறியின் பெயரிலேயே எந்த அளவை என்று எழுதிவிடுவது. மாற்ற மறந்தால் திரையில் படம் கண்டபடி சுழலும். இரண்டு முறை மாற்றிவிட்டால் 90 பாகை 0.0274 ஆகி, படம் அசைந்ததா இல்லையா என்றே தெரியாது. அறிகுறியைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடலாம். சைன் π சுழியமாக வராமல் 1.22 × 10⁻¹⁶ என்று வந்தால் பதற வேண்டாம். கணினி π-ஐ முழுதாகச் சேமிக்க முடியாததால் மிஞ்சிய துகள் அது. டேன் 90 பாகைக்குப் பிழைச் செய்தி வராமல் 1.6 × 10¹⁶ வருவதும் அதே காரணத்தால்தான். ஆகவே நிரலில் சுழியத்துக்குச் சமமா என்று கேட்காதீர்கள், சுழியத்துக்கு மிக அருகிலா என்று கேளுங்கள்.

வரைபடத்தில் இரண்டு இடங்களின் தொலைவைக் கணக்கிடுபவர்களுக்குப் பாகையும் ரேடியனும் ஒரே வரியில் சந்திக்கும். சென்னையின் அட்சரேகை 13 பாகை 5 கலை, கன்னியாகுமரியின் அட்சரேகை 8 பாகை 5 கலை. வித்தியாசம் 5 பாகை, அதாவது 0.08727. பூமியின் ஆரம் 6,371 கி.மீ.-ஆல் பெருக்கினால் வடக்கு தெற்காக 556 கி.மீ. ஒரு பாகைக்கு 111 கி.மீ., ஒரு கலைக்கு 1.85 கி.மீ.; கடல் மைல் 1,852 மீட்டராக இருப்பது இதனால். இங்கே ரேடியனைவிட அதிகமாகத் தப்பு நடப்பது கலையில்தான். 13 பாகை 5 கலையைத் தசமத்தில் எழுதும்போது 13.05 என்று எழுதிவிடுகிறார்கள். 5 கலை என்பது 5/60, ஆகவே 13.083. அந்த அவசரம் உங்களை 3.7 கி.மீ. தெற்கே கொண்டுபோய் விட்டுவிடும்.